லெப்பர்ட் 2ஏ6 டாங்கியின் மாடல்: பெட்டியைத் திறப்பது முதல் புழுதி பூசுவது வரை

நவீன கவச வாகனம் ஒன்றின் பிளாஸ்டிக் மாடலை முதன்முறையாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு, ஜெர்மனியின் லெப்பர்ட் 2ஏ6 டாங்கியை 1/35 அளவில் செய்யுமாறு பரிந்துரைப்பேன். அதன் கவசத் தகடுகள் பெரும்பாலும் தட்டையானவை என்பதால் வண்ணம் பூசுவது எளிது. பார்த்துச் செய்ய ஒளிப்படங்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. 1/35 என்பது உண்மை வாகனத்தின் 35 மி.மீ. நம் மேசையில் 1 மி.மீ. ஆவதைக் குறிக்கும். 2ஏ6-இன் பீரங்கிக் குழல் 120 மி.மீ. விட்டத்தைப் போல 55 மடங்கு, அதாவது 6.6 மீட்டர் நீளமுடையது. மாடலில் அது ஏறக்குறைய 189 மி.மீ. ஆகும், அதன் பின்பகுதி டரெட்டுக்குள் (பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்கூடு) மறைந்துவிடும். முந்தைய 2ஏ5-இன் குழல் 44 மடங்கு நீளமே கொண்டது. ஆகவே, ஒளிப்படங்களைச் சேர்க்கும்போதே அவை எந்த வகையின் படங்கள் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: வெட்டுதலும் தேய்த்தலும்

அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசப்பட்ட எண்ணெய்ப் பசை பாகங்களின் மீது ஒட்டியிருக்கலாம் என்பதால், பாகங்கள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டங்களை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர விடுங்கள். பாகத்தைச் சட்டத்திலிருந்து பிரிக்கும்போது, முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, மீதமுள்ள முனையை இரண்டாம் முறை ஒட்ட வெட்ட வேண்டும். ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழும்.

அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் உருவாகும் மெல்லிய கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுத்துவிடலாம். இரண்டு பாதிகளாக வரும் பீரங்கிக் குழலுக்குத்தான் மிகுந்த பொறுமை தேவைப்படும். பசை முழுவதும் காய்ந்த பிறகு இணைப்பில் பட்டி நிரப்பி, 400, 600, 1000 எண் உப்புத்தாள்களை வரிசையாக நீரில் நனைத்துத் தேயுங்கள். ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தால் உருண்டை வடிவம் கெட்டுவிடும் என்பதால் குழலை விரல்களுக்கிடையே சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பார்ப்பவரின் கண் முதலில் செல்வது இந்தக் குழலுக்குத்தான்.

படி 2: ஒட்டுதல்

பிளாஸ்டிக்குக்கான நீர்த்த பசை, பரப்பைக் கரைத்து இரு பாகங்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. பாகங்களைப் பொருத்திப் பிடித்துக்கொண்டு இணைப்பின் ஓரத்தைத் தூரிகையால் தொட்டால் போதும், பசை தானே உள்ளே ஓடிவிடும். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். பக்கத்துக்கு ஏழு இரட்டைச் சக்கரங்கள் என்பதால், 28 வட்டுகளின் விளிம்புகளைத் தேய்க்க வேண்டியிருக்கும். சக்கரங்கள், சங்கிலிப் பட்டைகள், பக்கக் கவசங்கள், டரெட் ஆகியவற்றை உடலோடு ஒட்டாமல் தனித்தனியே வைத்திருங்கள். வண்ணம் பூச அது மிக வசதியாக இருக்கும்.

படி 3: நுண்விவரங்கள்

தடித்த கைப்பிடிகளை நீக்கிச் செப்புக் கம்பியை வளைத்துப் பொருத்துவது பலரும் முதலில் செய்யும் மேம்பாடு. ஆனால் ஒரே ஒரு மேம்பாட்டுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால், வழுக்காத பரப்பைச் செய்யுங்கள் என்பேன். வீரர்கள் ஏறி நடக்கும் உடலின் மேற்பரப்பிலும் டரெட்டின் கூரையிலும் உண்மை டாங்கியில் சொரசொரப்பான பூச்சு இருக்கும்; பல மாடல்களில் அந்த இடங்கள் வழுவழுவென்றே வருகின்றன.

மூடிகள், பெரிஸ்கோப்புகள், எஞ்சின் கிரில்கள், கொக்கிகள் ஆகியவற்றைச் சுற்றிச் சிறு இடைவெளி விட்டு மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். திறந்திருக்கும் பரப்பில் அக்ரிலிக் வார்னிஷை மெல்லியதாகப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே மிக நுண்ணிய படிகக்கல் தூளைத் துணி வழியாகச் சலித்துத் தூவி, காய்ந்ததும் கவிழ்த்துத் தட்டிவிடுங்கள். உண்மையில் 1 மி.மீ. இருக்கும் துகள் இந்த அளவில் 0.03 மி.மீ.க்கும் குறைவு என்பதால், கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் எந்தத் துகளும் இங்கே பாறாங்கல்தான். டேப்பை உரித்ததும் தெரியும் அந்த நேர்த்தியான ஓரங்களே மாடலுக்கு நம்பகத்தன்மையைத் தருகின்றன.

படி 4: வண்ணம்

பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்த பிறகு, ஜெர்மானிய ராணுவத்தின் மூவண்ண உருமறைப்பைப் பூசலாம்: ஆர்.ஏ.எல். என்னும் வண்ண எண் முறையில் 6031 பச்சை, 8027 பழுப்பு, 9021 கருப்பு. சிறிய மாடலில் முழுக் கருப்பு விவரங்களை விழுங்கிவிடும். சிறிது சாம்பல் கலந்து வெளிறச் செய்வது நல்லது. பின்னர் பளபளப்பு வார்னிஷ், அதன் மேல் டீகால்கள் (எண்களும் சின்னங்களும் அச்சிட்ட ஒட்டுப்படங்கள்), அவை காய்ந்ததும் நன்கு நீர்க்கச் செய்த அடர்பழுப்பு எனாமலை மெல்லிய தூரிகையால் போல்ட்டுகளைச் சுற்றியும் இடுக்குகளிலும் மட்டும் விடுங்கள். கடைசியாகப் பளபளப்பற்ற மேட் வார்னிஷ் பூசுங்கள்.

பெரிஸ்கோப் கண்ணாடிகளுக்கு மேட் வார்னிஷுக்குப் பிறகே வண்ணம் தீட்ட வேண்டும். முன்னரே தீட்டினால் அவை மங்கிப்போகும். கருமையான அடித்தளத்தின் மேல் ஒளிபுகும் வண்ணத்தைப் பூசி, இறுதியில் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் வைத்தால் கண்ணாடியின் ஆழம் தெரியும்.

படி 5: பழமையாக்கம்

தொடக்கநிலையாளர்கள் துருவை அள்ளிப் பூசுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே மேலிடும். முறையாகப் பராமரிக்கப்படும் இன்றைய டாங்கியின் கவசம் துருப்பிடித்துக் கிடப்பதில்லை. இழுவைக் கம்பிவடத்திலும் சங்கிலிப் பட்டையின் உலோகப் பகுதிகளிலும் துரு சிறிது இருந்தால் போதும். சங்கிலிப் பட்டையில் பதிந்திருக்கும் ரப்பர் திண்டுகளை உலோக நிறத்தில் தீட்டாதீர்கள். சக்கரங்களுக்கிடையே உரசும் வழிகாட்டிப் பற்கள் மட்டும்தான் மின்ன வேண்டும்.

புழுதிக்குத் தாராளமாக இடம் கொடுக்கலாம். மண்நிற நிறமித் தூளைச் சக்கரங்கள், உடலின் அடிப்பகுதி, பக்கக் கவசங்களின் பின்முனை ஆகியவற்றில் அடர்த்தியாகவும், மேலே செல்லச் செல்ல மெல்லியதாகவும் தடவுங்கள். வீரர்கள் கால் வைத்து ஏறும் இடங்களில் புழுதியை ஈரத் தூரிகையால் லேசாகத் துடைத்துவிட்டால், அங்கே ஆள் நடமாட்டம் இருப்பது புரியும். கை பட்டால் வளைந்துவிடும் என்பதால், 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியால் செய்த ஆன்டெனாக்களை எல்லா வேலையும் முடிந்த பிறகே பொருத்துங்கள்.