பேக்கேஜ் தேடலை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது எப்படி?

டெபியன், உபுண்டு என்ற இரண்டு லினக்ஸ்களுக்கும் இது பொருந்தும். பேக்கேஜ் என்பது அவற்றில் நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்பு. கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் கொடுத்திருக்கிறேன்; டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மழையில் நெட் போனாலும் தேடல் நிற்காது. 'சூடோ ஆப்ட் அப்டேட்' கடைசியாக ஓடியபோது இறங்கிய பட்டியல் டிஸ்கிலேயே இருக்கும்.

'ஆப்ட் சர்ச்' இதற்கு வேண்டாம். பெயருக்கு ஒரு வரி, விளக்கத்துக்கு அடுத்த வரி, பிறகு ஒரு வெற்று வரி என்று பிரித்துத் தரும். பைப்பில் விட்டால், அதாவது '|' போட்டு வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பினால், ஸ்கிரிப்ட்டில் நம்பிப் பயன்படுத்தாதே என்று அதுவே எச்சரிக்கும். 'ஆப்ட்-கேச்' ஒரு பேக்கேஜை ஒரே வரியில் தரும்:

ஆப்ட்-கேச் சர்ச் தமில்

பெயருக்கும் விளக்கத்துக்கும் நடுவில் இடைவெளி, கோடு, இடைவெளி வரும். பலரும் சறுக்கும் இடம் இதுதான். வரிகளை நெடுவரிசையாக அடுக்கும் 'காலம்' (column) கட்டளையில் 'காலம் -டி -எஸ்' என்று போட்டு அந்த மூன்றையும் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் காலம் அதை ஒரு சொல்லாக எடுப்பதில்லை. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி பிரிப்பானாக எடுத்துக்கொள்கிறது. 'ஃபான்ட்ஸ்-லோஹித்-டாம்ல்' என்ற தமிழ் எழுத்துரு பேக்கேஜின் பெயர் மூன்று துண்டாகிவிடும், விளக்கமும் சொல் சொல்லாகச் சிதறும்.

அதனால் முதலில் அந்தப் பிரிப்பானை டேப் ஆக்குங்கள்:

ஆப்ட்-கேச் சர்ச் தமில் | சார்ட் | செட் 'எஸ்/ - /\டி/' | காலம் -டி -எஸ் $'\டி' | லெஸ் -எஸ்

சார்ட் (sort) வரிகளை அகரவரிசையாக்கும், செட் (sed) பிரிப்பானை டேப் ஆக மாற்றும், லெஸ் (less) திரையில் பக்கம் பக்கமாகக் காட்டும். லெஸ்ஸுக்குப் பின் வருவது பெரிய எஸ். நீண்ட வரி மடியாது. அம்புக்குறியால் வலப்பக்கம் நகர்த்திப் படிக்கலாம். செட் கட்டளையின் கடைசியில் 'ஜி' சேர்க்கவே கூடாது. பேக்கேஜ் பெயரில் இடைவெளி வராது என்பதால் வரியின் முதல் பிரிப்பான்தான் எப்போதும் சரியான எல்லை. 'ஜி' போட்டால் விளக்கத்துக்குள் இருக்கும் கோடுகளும் டேப் ஆகி, அடுக்கு குலையும். 'ஆக்' (awk) கட்டளை வைத்தும் செய்யலாம். ஆனால் முதல் இரண்டு புலங்களை மட்டும் அச்சிட்டால், கோடு உள்ள விளக்கத்தின் வால் சத்தமில்லாமல் வெட்டுப்படும். என் தேர்வு செட்தான்.

பெயரில் மட்டும் தேட, சர்ச்சுக்கு அடுத்து '-என்' சேர்க்கலாம். அப்போது 'தமில்' என்று தேடினால் லோஹித் எழுத்துரு கிடைக்காது. பேக்கேஜ் பெயரில் டி, ஏ, எம், எல் என்ற நான்கெழுத்துதான் உண்டு, நடுவில் 'ஐ' இல்லை.

பின்சேர்க்கை: சிறிய டெபியன் நிறுவலில் 'காலம்' கட்டளையே இல்லை என்று வரலாம். டெபியன் 11 முதல் அது 'பிஎஸ்டிஎக்ஸ்ட்ராயூட்டில்ஸ்' பேக்கேஜில் இருக்கிறது. இதை இறக்க நெட் வேண்டும். மழைக்கு முன்பே போட்டு வையுங்கள்.