‘கே/சி/ஓ சிஏ’ என்று எழுதி நிறுத்தாதீர்கள்: வைரஸ் நிமோனியாவில் புற்றுநோயாளிகளைக் கணிக்கும்போது நடக்கும் தவறுகள்

முகக்கவசம், கை கழுவுதல், தனி அறை பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் இன்ஃப்ளுயன்சா, ஆர்எஸ்வி, கோவிட் எல்லாம் கலந்துகட்டி வார்டுக்கு வரும்போது, புற்றுநோயாளிகளின் அபாயத்தைக் கணிப்பதில் புதிதாகச் சேர்ந்த முதுநிலை மாணவர்கள் வருடா வருடம் அதே இடங்களில் சறுக்குகிறார்கள். அப்போது அரைகுறையாக எழுதிய கேஸ் ஷீட்டை வைத்துத்தான் பிறகு ஆய்வேடும் எழுதுகிறார்கள். அதனால் படுக்கையருகே நடந்த தவறு புள்ளிவிவரத்திலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

புற்றுநோயை ஒரே கட்டத்தில் டிக் அடிப்பது

எத்தனை முறை சொன்னாலும் திருந்தாத தவறு இது. ‘கே/சி/ஓ சிஏ பிரெஸ்ட்’ (ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்) என்று ஒரு வரி, அதற்குக் கீழே பிபி, சுகர். எட்டு வருடத்துக்கு முன் அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது தினமும் நடைப்பயிற்சி போகிற 58 வயது அம்மாவுக்கும் அதே வரிதான். கட்டி கல்லீரலுக்குப் பரவி, போன வாரம் டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்ட 58 வயது அம்மாவுக்கும் அதே வரிதான். இருவருக்கும் இன்ஃப்ளுயன்சா ஏ, ஆக்சிஜன் அளவு 93. முதல் அம்மாவிடம் புற்றுநோயைவிடச் சர்க்கரையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். இரண்டாவது அம்மாவுக்கு வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் வாரம் இது. நியூட்ரோஃபில் (பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளணு) எண்ணிக்கை தெரியாமல் ரவுண்ட்ஸை முடிக்கக் கூடாது.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை இங்கிலாந்தின் ஓபன்சேஃப்லி ஆய்வு காட்டியது. சுமார் 1.7 கோடி பேரின் பதிவுகளை வைத்து 2020-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு அது. ரத்தப் புற்றுநோய் தவிர்த்த மற்ற புற்றுநோய்களில், கண்டறிந்து ஒரு வருடம் ஆகாதவர்களுக்குக் கோவிட்டால் இறக்கும் அபாயம் 1.72 மடங்கு. ஒன்று முதல் ஐந்து வருடத்துக்குள் என்றால் 1.15. ஐந்து வருடம் தாண்டிவிட்டால் 0.96, அதாவது மற்றவர்களைப் போலவே. ரத்தப் புற்றுநோயில் கதையே வேறு: முதல் வருடத்தில் 2.80, ஐந்து வருடம் வரை 2.46, அதற்குப் பிறகும் 1.61. இவ்வளவையும் ஒரே ‘ஆம்’ கட்டத்தில் போட்டுச் சராசரி எடுத்தால் வருகிற எண், வார்டில் படுத்திருக்கும் எந்த நோயாளிக்கும் பொருந்தாது.

இதனால் வந்த குழப்பத்துக்கு ஓர் உதாரணம் போதும். 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து வந்த முதல் அறிக்கையில் 1,590 கோவிட் நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் புற்றுநோய் இருந்தவர்கள் 18 பேர். நிலைமை மோசமானது அந்த 18 பேரில் 39 சதவீதத்தினருக்கு, மற்றவர்களில் 8 சதவீதத்தினருக்கு. எண் பயமுறுத்தியது, நிலையாக இருக்கும் நோயாளிகளுக்குக் கீமோவைத் தள்ளிப்போடலாம் என்ற யோசனையும் அதே அறிக்கையில் வந்தது. ஆனால் அந்த 18 பேரில் 12 பேர் சிகிச்சை முடிந்து வெறும் பின்தொடர்தலில் இருந்தவர்கள். முந்தைய ஒரு மாதத்தில் கீமோவோ அறுவையோ நடந்தவர்கள் நாலே பேர். சில மாதங்களில் பிரிட்டனிலிருந்து 800 புற்றுநோயாளிகளின் கணக்கு வந்தது. 226 பேர் இறந்திருந்தார்கள். வயது, பாலினம், மற்ற நோய்களைக் கணக்கில் எடுத்த பிறகு, முந்தைய நான்கு வாரத்தில் கீமோ வாங்கியதால் மரணம் கூடியதாகத் தெரியவில்லை. குணப்படுத்தக்கூடிய கட்டிக்கு ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று கீமோவை நிறுத்தினால், வைரஸ் செய்யாத கெடுதலை நாமே செய்துவிடுவோம்.

ரத்தப் புற்றுநோயிலும் எல்லாம் ஒன்றல்ல. ரிட்டுக்சிமாப் என்ற மருந்து வாங்கியவருக்கு ஆறு மாதம், சில சமயம் ஒரு வருடம் வரை, ஆன்டிபாடி உருவாகக் காரணமான பி செல்கள் இருக்காது. தடுப்பூசி போட்டிருந்தாலும் ஆன்டிபாடி வந்திருக்க வாய்ப்பு குறைவு. இவரிடம் ஆன்டிபாடி சோதனை நெகட்டிவ் என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வைரஸ் வெளியேறவும் வாரக்கணக்காகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிஎல்எல் என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் இருந்த 71 வயதுப் பெண் ஒருவர், அறிகுறி எதுவும் இல்லாமலேயே, 70 நாள் வரை தொற்றவைக்கக்கூடிய வைரஸை வெளியேற்றிக்கொண்டிருந்தார். 2020-ல் ‘செல்’ இதழில் பதிவான கேஸ் இது. ‘பத்து நாள் ஆச்சு, பொது வார்டுக்கு மாத்துங்க’ என்ற வழக்கமான கணக்கு இவர்களிடம் எடுபடாது. பக்கத்துப் படுக்கையில் இன்னொரு லிம்போமா நோயாளி இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது வாரத்தில் மறுபடி காய்ச்சல் வந்தால் புதுத் தொற்று என்று முடிவுகட்டும் முன், பழைய வைரஸே இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். தொண்டை ஸ்வாப் நெகட்டிவாக இருந்தாலும் நுரையீரலின் அடிப்பகுதியில் வைரஸ் இருக்கலாம்.

ஒற்றை வரிக்குப் பதில் என்ன எழுதுவது? முதலில் எந்தப் புற்றுநோய், கண்டறிந்த வருடம், இன்று அது அடங்கியிருக்கிறதா, வளர்கிறதா, நுரையீரலில் இருக்கிறதா. அடுத்து கடைசி மருந்தின் பெயரும் தேதியும். ரிட்டுக்சிமாப் வகை என்றால் ஒரு வருடம் பின்னால் போய்த் தேடுங்கள். ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் நான்கு வாரம் ஓடியிருந்தால் அதையும் எழுதுங்கள்; நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நிமோனியா பற்றிய பயம் அங்கேதான் தொடங்குகிறது. பிறகு இன்றைய நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் எண்ணிக்கைகள். சதவீதம் போதாது, எண்ணிக்கையே வேண்டும்.

கூட வந்தவரிடம் ‘கீமோ ஓடுதா?’ என்று மட்டும் கேட்டால் ‘அதெல்லாம் முடிஞ்சுது சார், இப்ப மாத்திரை மட்டும்தான்’ என்பார்கள். அந்த மாத்திரை, ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இப்ரூட்டினிபாக இருக்கும். வீட்டாருக்கு மாத்திரை கீமோ கணக்கில் வராது. பையிலிருக்கும் ஃபைலையும் மாத்திரை அட்டைகளையும் வாங்கி நீங்களே பாருங்கள்.

ஈகாக் மதிப்பெண்ணையும் (நோயாளி அன்றாடம் எவ்வளவு தானாக இயங்குகிறார் என்ற அளவு; எண் கூடக்கூட மோசம்) மறக்காதீர்கள், ஆனால் இன்றைய நிலையை வைத்துப் போடாதீர்கள். ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருக்கும் யாருக்கும் இன்று 4-தான் வரும். ‘காய்ச்சல் வர்றதுக்கு முந்தி அய்யா தானாக் குளிச்சாரா? கடைத்தெருவுக்குப் போனாரா? பகல்ல பாதி நேரம் படுக்கைதானா?’ என்று கேளுங்கள். கோவிட் வந்த புற்றுநோயாளிகளை ஆராயும், அமெரிக்காவை மையமாகக் கொண்ட சிசிசி19 கூட்டமைப்பின் 928 நோயாளிகளின் ஆய்வில், 30 நாளுக்குள் நடந்த மரணத்தோடு வலுவாகச் சேர்ந்து நின்றவற்றில் ஈகாக் 2-ம் அதற்கு மேலும், வளர்ந்துகொண்டிருக்கும் புற்றுநோயும் இருந்தன. சமீபத்திய கீமோ அந்தப் பட்டியலில் இல்லை.

வைரஸ் கிடைத்ததும் தேடுவதை நிறுத்துவது

இன்ஃப்ளுயன்சா பாசிட்டிவ் என்ற தாள் கையில் கிடைத்ததும் ஒரு நிம்மதி வரும். நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருக்கும் நோயாளியிடம் அந்த நிம்மதி ஆபத்து. காய்ச்சல் ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸ் தொட்டாலோ, 38-ல் ஒரு மணி நேரம் நின்றாலோ, கல்ச்சர் எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். வைரஸ் இருக்கிறதோ இல்லையோ. எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதும் ஆறுதல் இல்லை. சீழ் கட்ட வெள்ளணு இல்லாதவருக்கு நிழல் தாமதமாகத்தான் விழும், எண்ணிக்கை ஏறும்போது திடீரென்று படம் வெளுக்கும். சந்தேகம் இருந்தால் சிடி எடுங்கள்.

அந்த சிடியில் தெரிவதும் வைரஸ்தானா என்று கேட்க வேண்டும். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற நோயெதிர்ப்பு சிகிச்சை மருந்துகளை வாங்குபவருக்கு மருந்தாலேயே நுரையீரல் அழற்சி வரும், பார்க்க அச்சு அசல் வைரஸ் நிமோனியா மாதிரியே இருக்கும். படத்துக்குப் பொருந்தாமல் ஆக்சிஜன் விழுந்தால் நுரையீரல் தமனி அடைப்பைத் தேடுங்கள். இன்ஃப்ளுயன்சாவோடு ஐசியூவுக்குப் போனவர்களில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை தனியாக வந்து சேரும்: பெல்ஜியம், நெதர்லாந்து ஐசியூக்களின் 2018 ஆய்வில் 19 சதவீதம், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களில் 32 சதவீதம்.

48 மணி நேரம் தாண்டிவிட்டது என்று ஓஸல்டாமிவிரை மறுப்பது

ஓஸல்டாமிவிர் இன்ஃப்ளுயன்சாவுக்கான மருந்து. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் என்ற எல்லை வீட்டிலிருக்கும் ஆரோக்கியமானவருக்கு. அட்மிட் ஆன புற்றுநோயாளிக்கு ரிப்போர்ட் வரும் முன்பே 75 மி.கி. இரண்டு வேளை தொடங்குங்கள். கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 30 முதல் 60 வரை என்றால் 30 மி.கி. இரண்டு வேளை, 10 முதல் 30 வரை என்றால் ஒரே வேளை. சிறுநீரகத்தைப் பாதிக்கும் சிஸ்பிளாட்டின் வாங்கி, தசையெல்லாம் கரைந்த உடம்பில் கிரியாட்டினின் 0.9 என்பதை நம்பாதீர்கள்.

மருந்துப் பட்டியல் பார்க்காமல் பாக்ஸ்லோவிட்

பாக்ஸ்லோவிட் கோவிட் மாத்திரை. அதிலுள்ள ரிட்டோனாவிரால் வெனிட்டோக்ளாக்ஸ், இப்ரூட்டினிப், வின்கிரிஸ்டின், டாக்ரோலிமஸ் எல்லாவற்றின் ரத்த அளவும் எகிறும். ரெம்டெசிவிர் முதல் நாள் 200, பிறகு 100 மி.கி. என்பது இவர்களுக்குத் தோதான வழி.

ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு டெக்ஸா

வேண்டாம். பிரிட்டனின் ரெகவரி கோவிட் ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் என்ற இந்த ஸ்டீராய்டால் அவர்களுக்குப் பலன் இல்லை.

பிளேட்லெட் பார்க்காமல் எனாக்சாபரின்

எனாக்சாபரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசி. பிளேட்லெட் 25,000-க்குக் கீழ் என்றால் நிறுத்துங்கள். 50,000-க்கு மேல்தான் முழு டோஸ்.

சிஆர்பி, டி-டைமர் ஏறியதை வைத்து மட்டும் தீவிரம் சொல்வது

வளரும் கட்டி உள்ளவருக்கு, அழற்சியையும் ரத்த உறைவையும் காட்டும் இந்தச் சோதனை அளவுகள் காய்ச்சலுக்கு முன்பே ஏறித்தான் இருக்கும். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். நிமோனியாவின் தீவிரத்தைக் கணிக்கும் ஸ்கோர்களும் இப்படித்தான்: கர்ப்-65 புற்றுநோயைக் கண்டுகொள்வதே இல்லை, பிஎஸ்ஐ ஒரேயடியாக 30 புள்ளி ஏற்றுகிறது.

‘ஐசியூவுக்குப் போகவில்லை, ஆகவே லேசான நோய்’

ஆய்வேடு எழுதுபவர்கள் கவனிக்க. கோவிட் வந்த, நுரையீரல் உள்ளிட்ட மார்புக்கூட்டுப் புற்றுநோயாளிகளுக்கான டெராவோல்ட் பதிவேட்டின் முதல் 200 பேரில் 66 பேர் இறந்தார்கள். ஐசியூவுக்குத் தகுதியான 134 பேரில் உள்ளே போனவர்கள் 13 பேர்தான். ஐசியூ சேர்க்கையை மட்டும் விளைவாக வைத்து எண்ணினால், நோய் லேசு என்று அட்டவணை சொல்லும். நடந்தது படுக்கைப் பங்கீடும் சிகிச்சை வரம்பு முடிவும். வென்டிலேட்டர் வேண்டாம் என்று முடிவானால் யார், எந்தத் தேதியில் முடிவெடுத்தார்கள் என்று தனி வரியில் எழுதுங்கள்.

இன்னொன்று: அட்மிட் ஆனவர்களை மட்டும் ஒப்பிடும்போது புற்றுநோயின் பாதிப்பு குறைந்து தெரியும். கீமோ நோயாளியை லேசான காய்ச்சலுக்கே சேர்த்துவிடுவோம். மற்றவர் மூச்சு வாங்கிய பிறகுதான் சேர்க்கப்படுவார். இரண்டு பக்கமும் வாசல் வேறு வேறு உயரத்தில் இருக்கிறது. சேரும்போது ஆக்சிஜன் அளவு என்ன என்று பிரித்துக் காட்டுங்கள். ஆனால் புற்றுநோயின் மொத்த விளைவைத் தேடும்போது நியூட்ரோபீனியாவையும் (நியூட்ரோஃபில் குறைவு) புள்ளியியல் மாடலில் போட்டுச் சரிக்கட்டாதீர்கள். புற்றுநோயும் அதன் சிகிச்சையும் ஆளைக் கொல்லும் வழியே அதுதான்.

‘டிஸ்சார்ஜ்’ என்றால் பிழைத்தார் என்று எண்ணுவது கடைசி ஓட்டை. முடியாத நிலையில் ‘வீட்டுல வச்சுப் பார்த்துக்கறோம்’ என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. மருத்துவமனை மரணத்துக்குப் பதில் 30-வது நாள் நிலையை விளைவாக வையுங்கள். அதற்கு அட்மிஷன் அன்றே, அனுமதி கேட்டு, இரண்டு பேரின் போன் எண்ணை வாங்கி வைத்திருக்க வேண்டும். ஒன்று நோயாளியின் எண்ணாக இருக்கக் கூடாது.