ஸ்லீப்பில் இருந்து எழுப்பியதும் லேப்டாப் இழுக்கிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

மூடியைத் திறக்கிறீர்கள், திரை வருகிறது, பாஸ்வேர்டும் போட்டாயிற்று. ஆனால் மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது. குரோமைத் திறந்தால் வெள்ளையாக நிற்கிறது. கடுப்பாகி ரீஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஜம்மென்று ஓடுகிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது அடிக்கடி கேட்கும் புகார்தான்.

இதற்கென்று 'பிசி கிளீனர்' எதையும் இறக்க வேண்டாம். எந்த மென்பொருள் எவ்வளவு தின்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் விண்டோஸிலேயே இருக்கிறது, அது போதும். இணையத்தில் கிடைக்கும் பத்துப் பதினைந்து யோசனைகளையும் ஒரே நாளில் செய்து பார்த்தால், எது சரிசெய்தது என்றே தெரியாமல் போய்விடும். முதலில் எங்கே அடைக்கிறது என்று பார்ப்போம், அப்புறம் அதற்கு மட்டும் வைத்தியம்.

ஸ்லீப்பில் போட்டால் திறந்து வைத்த எல்லாம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்திலேயே இருக்கும்; ரேமுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். அதனால் எழுந்ததும் பழைய குப்பையோடுதான் எழும். புதிய லேப்டாப் பலவற்றில் இருப்பது 'மாடர்ன் ஸ்டாண்ட்பை'. அது முழுத் தூக்கம்கூட இல்லை, மூடி வைத்திருக்கும்போதும் அவ்வப்போது மெயில், அப்டேட் என்று ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும்.

படி 1: இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள்

எழுந்த கையோடு அப்டேட் தேடல், ஒன்டிரைவ் ஒத்திசைவு, வைரஸ் சோதனை எல்லாம் வரிசை கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் நின்றிருந்த தட்டு சுழன்று வேகம் பிடிக்கவே சில வினாடி ஆகும். தானாகவே அடங்கிவிட்டால் கோளாறு இல்லை, விட்டுவிடுங்கள்.

படி 2: டாஸ்க் மேனேஜர்

அடங்கவில்லை என்றால், மெதுவாக இருக்கும் அந்த நேரத்திலேயே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பார்த்துப் பயனில்லை. 'ப்ராசஸஸ்' பக்கத்தில் சிபியு (ப்ராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று தலைப்புகள் இருக்கும். தலைப்பின் மேல் ஒரு கிளிக் செய்தால் அதிகம் தின்பது மேலே வரும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், மேலே இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டாகவோ 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' ஆகவோ இருக்கும். இரண்டாவது பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது விண்டோஸின் சொந்த டிஃபெண்டர்தான். முடிக்க விடுங்கள். தினமும் இதே கதை, உள்ளே இருப்பதும் ஹார்ட் டிஸ்க் என்றால், அதை எடுத்துவிட்டு, சுழலும் தட்டே இல்லாத வேகமான எஸ்எஸ்டி போடுவதுதான் உருப்படியான வழி. செட்டிங்கை மாற்றி மாற்றி நேரத்தை வீணடிக்காதீர்கள்.

மெமரி 90 சதவீதத்துக்குப் பக்கம் என்றால் பிரவுசரை மூடித் திறங்கள். குரோமில் 'மெமரி சேவர்', எட்ஜில் 'ஸ்லீப்பிங் டேப்ஸ்' இருக்கிறது, போட்டு வையுங்கள். 4 ஜிபி ரேமில் நாற்பது டேப் தாங்காது.

சிபியு எகிறினால் எந்த மென்பொருள் என்று பார்த்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். அங்கே 'டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர்' இருந்தால் அதை மூடாதீர்கள், திரையில் தெரியும் விண்டோக்களை வரைவதே அதுதான். சந்தேகம் கிராஃபிக்ஸ் டிரைவர் (திரைக் காட்சியை இயக்கும் மென்பொருள்) மேல். விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பும், டிரைவர் புதிதாகத் தொடங்கியிருக்கும். அதில் சரியானால் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இருந்து புது கிராஃபிக்ஸ் டிரைவரைப் போடுங்கள்.

படி 3: மூன்றுமே குறைவு, ஆனாலும் ஆமை வேகமா?

இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியுவைத் தேர்ந்தெடுத்து, கீழே 'ஸ்பீட்' என்ற எண்ணைப் பாருங்கள். பக்கத்திலேயே ப்ராசஸரின் அடிப்படை வேகமான 'பேஸ் ஸ்பீட்' இருக்கும். சும்மா இருக்கும்போது வேகம் குறைவது இயல்பு. ஒரு வீடியோவை ஓடவிட்டு, நாலைந்து டேப்பைத் திறந்து பாருங்கள். அப்போதும் 0.39 அல்லது 0.79 கிகாஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கிறதா? கள்ளனைப் பிடித்துவிட்டீர்கள்.

சூடு ஏறினாலோ மின்சாரம் போதாவிட்டாலோ 'வேகத்தைக் குறை' என்று ப்ராசஸருக்கு ஒரு சிக்னல் போகும். சில லேப்டாப்களில் தூங்கி எழுந்த பிறகு அந்தச் சிக்னல் விலகாமல் மாட்டிக்கொள்கிறது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எண் உடனே ஏறினால் சார்ஜர் மேல் சந்தேகப்படலாம்: வாட் குறைந்ததாகவோ லேப்டாப் அடையாளம் காணாத மாற்றுச் சார்ஜராகவோ இருக்கும்.

ஏறவில்லையா? ஷிஃப்டை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுங்கள். சார்ஜர், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மாட்டி ஆன் செய்யுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம். சார்ஜரை மாட்டியே செய்யுங்கள், பாதியில் அணைத்துவிடாதீர்கள்.

கன்ட்ரோல் பேனலின் 'பவர் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்' இருந்தால் அது 100 தானா என்றும் பாருங்கள். சூடு குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 99 வைத்திருந்தால் பேஸ் ஸ்பீடைத் தாண்டும் டர்போ வேகம் வராது.

படி 4: ஷட் டவுன் உண்மையில் ஷட் டவுனா?

டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகம் பார்த்த அதே 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'அப் டைம்' இருக்கும், விண்டோஸ் புதிதாகத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கு. முதல் எண் நாட்கள். தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்தும் அங்கே 20, 30 என்று காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் மையப் பகுதியை டிஸ்கில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எடுத்துப் போடும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

நிறுத்த: கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ', மேலே 'சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரன்ட்லி அனவைலபிள்'. கீழே 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்து சேவ் செய்யுங்கள். எஸ்எஸ்டி இருந்தால் ஆன் ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இணையம் மட்டும் இழுக்கிறது என்றால்

டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் ப்ராப்பர்ட்டீஸ், 'பவர் மேனேஜ்மென்ட்' டேப், மின்சாரம் மிச்சப்படுத்த அடாப்டரை அணைக்க அனுமதிக்கும் முதல் டிக்கை எடுங்கள். சில லேப்டாப்களில் இந்த டேப் இருக்காது. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் அங்கே வேலை நடந்துவிடும்.

எதுவுமே பலிக்கவில்லை என்றால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்நேட். படி 4-இல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்த அதே பக்கத்தில் அதற்கும் ஒரு டிக் இருக்கும். ரேமில் உள்ளதை டிஸ்கில் எழுதிவிட்டு இயந்திரம் முழுதாக அணைந்துவிடும், எழும்போது ஹார்ட்வேர் புதிதாகத் தொடங்கும். அதனால் படி 3-இன் தொல்லைக்கு இது நன்றாகவே உதவும். நிரம்பி வழியும் மெமரிக்கு உதவாது, ஏனென்றால் அதே நாற்பது டேப்பும் அப்படியே திரும்பி வரும். அதற்கு வாரம் ஒரு ரீஸ்டார்ட்தான்.