வரவு இடாப்பிலும் சம்பளக் கணக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு நகரத்துப் புடவைக் கடையோ, சம்மாந்துறை அரிசி ஆலையோ, மருதமுனை நெசவுக் கூடமோ, பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் பெரும்பாலும் ஒரு சீ.ஆர். கொப்பிதான் வரவு இடாப்பு. கொப்பி தாராளமாகப் போதும். பேருக்கு நேரே வெறும் சரி அடையாளம் போட்டுவிட்டுப் போவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்த அடையாளம் ஆள் வந்தார் என்று மட்டும் சொல்லும். எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பது தெரியாவிட்டால் மேலதிக நேரக் கொடுப்பனவை யாராலும் சரியாகப் போட முடியாது. மாதக் கடைசியில் முதலாளிக்கு ஒரு ஞாபகம், ஊழியருக்கு இன்னொரு ஞாபகம். தொழில் அலுவலகத்துக்கு முறைப்பாடு போனால் இரண்டுக்கும் சாட்சி கிடையாது.

ஒவ்வொரு பேருக்கும் வந்த நேரம், போன நேரம், கையொப்பம் என்று மூன்று நிரல் போடுங்கள். நேரத்தை ஊழியரே அந்தந்த வேளையில் எழுத வேண்டும். கிழமைக் கடைசியில் உட்கார்ந்து ஆறு நாளையும் ஒரே பேனையால் நிரப்பிய பக்கம் பார்த்த உடனே தெரிந்துவிடும், அதை எந்த அதிகாரியும் நம்பமாட்டார். பிழைத்தால் டிப்பெக்ஸ் பூச வேண்டாம். ஒரு கோட்டால் வெட்டி, சரியான நேரத்தைப் பக்கத்தில் எழுதி, இருவரும் சுருக்கொப்பம் வைத்தால் போதும். அறுவடைக் காலத்தில் ஆலை இரவிலும் ஓடும்போது, இரவு 8 மணிக்கு ஏறி விடிய 4 மணிக்கு இறங்கும் வேலையைத் தொடங்கிய திகதியின் கீழேயே எழுத வேண்டும். இரண்டு திகதிக்குப் பிரித்து எழுதினால் ஒருவருக்கு இரண்டு நாள் வரவு விழும், அல்லது ஒன்றும் விழாது.

விரலடையாள மெஷின் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைப்பதும் பரவலான தவறு. காத்தான்குடி, கல்முனைப் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகும்போது ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் விரல் வைப்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு பதிவுதான் என்று அமைத்த மெஷின், இரண்டாவது பதிவை வீட்டுக்குப் போனதாக எடுத்து, அரை நாளை வெட்டிவிடும். நாலு பதிவு ஏற்கும்படி அமைப்பை மாற்ற வேண்டும். அந்த நேரம் சாப்பாட்டு இடைவேளைக்குள் அடங்குமா இல்லையா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் பேசிக்கொள்வது நல்லது. உமியும் சீமெந்தும் பிடிக்கிற கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், அதனால் இரண்டு கையிலும் இரண்டிரண்டு விரலைப் பதிந்து வையுங்கள். உள்ளே இருக்கும் சின்ன பற்றரி இறங்கியிருந்தால் கரண்ட் போய் வந்ததும் மணி பிழைக்கும். காலையில் திறக்கிறவர் மெஷினின் மணியை ஒருதரம் பார்க்க வேண்டும். பதிவுகளை மாதத்துக்கு ஒருமுறை இறக்கி எடுத்து, அச்சிட்டு, ஊழியரிடம் ஒப்பம் வாங்கிக் கோப்பில் போடுங்கள்.

அடுத்தது கணக்கு. தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் ஏறியது, நாட்சம்பளம் இப்போது 1,200. பழைய தொகையிலேயே கணக்கை ஓட்டும் இடங்கள் முதலில் இதைத் திருத்த வேண்டும். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி வேலை. அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்தால் மணிக்கணக்கு வரும். 30,000க்கு 125 ரூபாய், மேலதிக நேரம் ஒரு மணிக்கு 187 ரூபாய் 50 சதம். 240 என்பது 30 நாள் பெருக்கல் 8 மணி. மேலதிக நேரத்துக்கு இப்படி 30 நாளை வைத்துக் கணக்குப் பார்த்துவிட்டு, சம்பளமில்லா லீவுக்கு மட்டும் 26ஆல் வகுத்து வெட்டுகிற வழக்கம் இருக்கிறது. 30,000ஐ 30ஆல் வகுத்தால் ஒரு நாள் வெட்டு 1,000 ரூபாய், 26ஆல் வகுத்தால் 1,153 ரூபாய் 85 சதம். கொடுக்கும்போது ஓர் அளவு, வெட்டும்போது வேறோர் அளவு என்பது நியாயமில்லை. பேக்கரி, ஹோட்டல் போன்ற தொழில்களுக்குச் தொழில்வாரியாகச் சம்பளத்தை நிர்ணயிக்கும் சம்பளச் சபைகளின் தனித் தீர்மானங்கள் உண்டு. இந்த 240ஐ அங்கே அப்படியே கொண்டுபோகக் கூடாது.

ஆகக் கூடுதலான பணச் சேதம் ஊழியர் சேமலாப நிதியில் நடக்கிறது. ஊழியர் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தன் கையிலிருந்து இன்னும் 3. முதலாளியின் பங்கில் ஒரு சதத்தையும் ஊழியரின் சம்பளத்திலிருந்து வெட்ட முடியாது. 30,000 சம்பளத்தில் வெட்டு 2,400, முதலாளி போடுவது 3,600, நம்பிக்கை நிதிக்கு 900. இனி முற்பணத்தைப் பாருங்கள். மாத நடுவில் லாச்சியிலிருந்து 8,000 கொடுத்திருப்பார்கள். மாத முடிவில் மிச்சம் 22,000 என்று பார்த்து, அதற்கே 8 சதவீதம் போட்டு 1,760 வெட்டுவார்கள். மூன்று பங்கையும் இப்படியே 22,000க்குப் போட்டால் அந்த ஒருவருக்கு மட்டும் மாதம் 1,840 ரூபாய் குறைவாகப் போகிறது. முற்பணம் என்பது உழைத்த சம்பளத்தின் ஒரு பகுதியை முந்திக் கொடுத்தது, அது உழைப்பைக் குறைக்காது. முதலில் முழுச் சம்பளத்துக்கு நிதிப் பங்கைக் கணக்கிட்டு, அதன் பிறகே முற்பணத்தைக் கழிக்க வேண்டும். சம்பளமில்லா லீவு அப்படியல்ல, அது உழைப்பையே குறைப்பதால் நிதிக் கணக்குக்கு முன்னே கழியும். மேலதிக நேரப் பணம் நிதிக் கணக்கில் சேராது. ஆகவே சம்பளத் தாளில் அதற்குத் தனி நிரல் வேண்டும்.

நாட்கூலி, தற்காலிகம், துண்டுக்கணக்கு என்று சொல்லி நிதியில் சேர்க்காமல் விடவும் முடியாது. வேலைக்கு ஏறிய நாளிலிருந்தே உரித்து உண்டு. ஒரு மாதப் பங்களிப்பை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். பத்து நாளுக்குள் பிந்தினால் 5 சதவீதம் மேலதிகக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் 50.

பேர்களில் கவனமாக இருங்கள். முஹம்மது என்ற பேரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம், தமிழ்ப் பேர்களுக்கும் முதலெழுத்துகள் இடம் மாறும். அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் எழுதாவிட்டால், பின்னாளில் நிதிப் பணம் எடுக்கப் போகிற மனிதர்தான் அலைவார். விலகிப் போனவரின் நிதி அங்கத்துவ இலக்கத்தைப் புதிதாக வந்தவருக்குக் கொடுக்கவே கூடாது.

லீவுக் கணக்கிலும் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. கடை ஊழியர்களுக்குச் சட்டப்படி வருடத்தில் 8 விடுமுறை. தைப்பொங்கல், நபிகள் நாயகம் பிறந்த தினம், நத்தார் எல்லாம் அதில் அடங்கும், தீபாவளியும் நோன்புப் பெருநாளும் அடங்காது. அந்த நாள்களில் கடை பூட்டினால், சம்பளத்தோடு சும்மா கொடுத்த லீவா, வருட லீவில் கழித்ததா என்று அன்றே எழுதுங்கள். போயா தினத்தில் வேலை வாங்கினால் ஒன்றரை நாள் சம்பளம்.

வயல் வெட்டுக்காக இரண்டு கிழமை நிற்பவரை 'விலகினார்' என்று வெட்டி, திரும்பி வந்ததும் புது ஆளாக எழுதுவது இந்தப் பகுதியில் அடிக்கடி நடக்கிறது. அது சம்பளமில்லா லீவு, அப்படியே எழுதுங்கள். 15 பேரும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் சேரும். பன்னிரண்டு வருடம் நின்று 30,000 ரூபாயில் விலகுபவருக்கு அது 1,80,000 ரூபாய், விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தத் தொகையை நிர்ணயிப்பது அவர் முதன்முதலில் வேலைக்கு ஏறிய திகதி. அதை நியமனக் கடிதத்திலும் இடாப்பின் முதல் பக்கத்திலும் ஒரே மாதிரி எழுதி வையுங்கள்.