வளைந்த பருமலுக்கு மெல்லிய பட்டைகளே நல்லது

வீட்டில் கட்டும் சிறிய பாய்ப்படகுக்கு வளைந்த பருமல் (பாயைக் கட்டித் தாங்கும் கழி) வேண்டுமா? ஒரே கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம்; மெல்லிய பட்டைகளை அச்சின் மேல் வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டிச் செய்யுங்கள். பலகையின் கனத்தைப் பாதியாக்கினால், வளைக்கத் தேவைப்படும் விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் ஸிட்கா ஸ்ப்ரூஸ் அல்லது டக்ளஸ் ஃபிர் மரத்தை, கணு இல்லாமல் ரேகை நேராக ஓடும் 5, 6 மி.மீ. பட்டைகளாக அறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டைகளை வளைத்துப் பிடிக்கும் அந்த அச்சின் மேல் பாலித்தீன் தாள் விரிக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் கழி அச்சோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பசை இல்லாமல் ஒருமுறை வளைத்துப் பார்த்துவிடுங்கள். சரி, இனி எபாக்சி பசை. இரண்டு முகத்திலும் தடவி, நடுவிலிருந்து முனைகளை நோக்கி கிளாம்ப் போடுங்கள். இங்கேதான் கவனம் வேண்டும்: எபாக்சிக்கு அதிக அழுத்தம் ஆகாது. விளிம்பு நெடுக பசை சின்னச் சின்ன மணிகளாகப் பிதுங்கியதும் திருகுவதை நிறுத்திவிடுங்கள். இன்னும் இறுக்கினால் பசையெல்லாம் வெளியேறி, இணைப்பு வறண்டு, பாய் காற்று பிடிக்கும்போது பிளந்துவிடும்.

அச்சிலிருந்து எடுத்ததும் வளைவு கொஞ்சம் நிமிரும். மூன்று பட்டை என்றால் நன்றாகவே தெரியும். ஆறேழு என்றால் மிகக் குறைவு. அதற்கேற்ப அச்சைச் சற்றுக் கூடுதலாக வளைத்து வையுங்கள். அப்புறம் இழைப்புளியால் சீவி உருண்டையாக்கி வார்னிஷ் அடியுங்கள். வெறும் எபாக்சி வெயில் தாங்காது.