ஓட்டமும் பட்டமும் ஒரே தாளில்

கல்லூரியில் நான் 800 மீட்டர் ஓடினேன், வேதியியல் படித்தேன். தொழில்முறை வீரராகும் கனவோடு கல்லூரியில் சேரும் பிள்ளைகள் இரண்டையும் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டால், ஒவ்வொரு நாளையும் பாதி பாதியாகப் பிரிக்கப் பார்க்காதே என்றுதான் முதலில் சொல்வேன். ஒரு நாளுக்குள் கணக்கு சரிப்படாது, ஒரு செமஸ்டருக்குள் சரிப்படுத்தலாம்.

முதல் வாரமே கோச்சின் பயிற்சித் திட்டத்தையும் கல்லூரி அட்டவணையையும் ஒரே தாளில் எழுதுங்கள். போட்டி, பயண நாள், இன்டர்னல் தேர்வு, அசைன்மென்ட் கெடு எல்லாம் அதில் வரட்டும். இரண்டும் முட்டிக்கொள்ளும் வாரங்களைச் சிவப்பில் வட்டமிட்டு, எந்த வாரம் எதற்கு என்று அப்போதே முடிவு செய்துவிடுங்கள். போட்டி வாரம் என்றால் அசைன்மென்ட் முந்தைய வாரமே முடிய வேண்டும். தேர்வு வாரம் என்றால், ஓடும் தூரத்தைக் குறைத்து ஒரு வேகப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கோச்சிடம் கேளுங்கள். ஒரு வாரத்தில் உடல்தகுதி கரைந்துவிடாது. இது கோச்சுக்கும் தெரியும், நீங்கள் கேட்பதுதான் பாக்கி.

பெரிய போட்டிக்கு முன்னால் வரும் டேப்பர் நாட்களைப் பலர் வீணடிக்கிறார்கள். பயிற்சியின் அளவு குறைகிறது, உடம்பும் தெளிவாக இருக்கிறது, மனம் மட்டும் போட்டியையே சுற்றிக்கொண்டிருக்கும். மிஞ்சுகிற அந்த நேரத்தை உங்களுக்கு மிகக் கடினமான பாடத்துக்குக் கொடுங்கள். எனக்கு அது கரிம வேதியியல். பந்தயத்தைப் பற்றிய கவலைக்கு வினைவழிமுறைகள் நல்ல மாற்று. இதற்கு நேர்மாறாக, 400 மீட்டரைத் திரும்பத் திரும்ப விரட்டி ஓடிய நாளின் மாலையில் புதுப் பாடம் எடுக்காதீர்கள். ரெக்கார்ட் எழுதலாம், வரைபடம் போடலாம், அதற்கு மேல் மண்டையில் ஏறாது.

ஆசிரியர்களிடம் போட்டிக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். தேதிகளை எழுதி முதல் வாரமே கொடுத்து, "மேடம், இந்தத் தேதிகளில் இருக்க மாட்டேன், ப்ராக்டிகலை வேறு பேட்ச்சோடு செய்யட்டுமா?" என்று கேளுங்கள். வழியையும் கையோடு கொண்டுபோனால் பெரும்பாலானோர் சரி என்பார்கள். பாடம் தேர்ந்தெடுக்கும்போது லேப் நேரம் பயிற்சி நேரத்தோடு மோதுகிறதா என்றும் பாருங்கள். பாடத்தின் பெயரைவிட இது முக்கியம்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள். 2011இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒன்றில், இரவு 10 மணி நேரம் படுக்கையில் இருக்கப் பழகிய கூடைப்பந்து வீரர்களின் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கூடைக்குள் எறியும் வீச்சு) துல்லியம் 9 சதவீதம் கூடியது. விழித்துப் படிக்க யாராவது மாத்திரை நீட்டினால் தொடவே வேண்டாம். மொடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் இரண்டுமே போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்ட ஊக்கமருந்துகள். மருத்துவக் காரணம் இருந்தால் அதற்கான விலக்கு அனுமதியை முறைப்படி வாங்க வேண்டும்.

தொழில்முறைக் கனவை விடச் சொல்லவில்லை, ஆனால் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரி வீரர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவானவர்களே தொழில்முறை வீரர்களாகிறார்கள் என்று அங்குள்ள கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவே சொல்கிறது. படிப்பு ஓட்டத்தைக் கெடுக்கும் என்பதையும் நான் நம்புவதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் தங்கம் வென்ற கேபி தாமஸ், ஹார்வர்டில் நரம்பு உயிரியல் படித்தவர்.

சரி, படிப்பின் நடுவிலேயே ஒப்பந்தம் வந்துவிட்டால்? கேட்டி லெடெக்கி 2018இல் தொழில்முறை நீச்சலுக்கு மாறிய பிறகும் ஸ்டான்ஃபோர்டில் படிப்பைத் தொடர்ந்து பட்டம் வாங்கினார். கூடைப்பந்து வீரர் ஷாக்கில் ஓ'நீல் 1992இல் தொழில்முறை ஆட்டத்துக்காகக் கல்லூரியை விட்டுப் போனார், பட்டம் 2000இல்தான் கிடைத்தது. ஆக, கையெழுத்துப் போடும் முன் கல்லூரி அலுவலகத்தில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: படிப்பை எவ்வளவு காலம் நிறுத்தி வைக்கலாம், முடித்த பாடங்களின் மதிப்பெண்கள் எத்தனை ஆண்டு செல்லும், பாடத்திட்டம் மாறினால் என்ன நடக்கும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். படிப்புச் செலவை ஒப்பந்தத்திலேயே சேர்க்க முடியுமா என்று ஏஜென்ட்டிடமும் கேட்டுவிடுங்கள்.