மலையில் சந்தேக மரணம்: பிரேதப் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் குடும்பத்தார் செய்ய வேண்டியவை

நீலகிரியில் ஒருவர் விபத்திலோ, விஷத்தாலோ, காரணம் தெரியாமலோ இறந்துவிட்டால், வீட்டார் முதலில் கேட்பது உடல் எப்போது கிடைக்கும் என்பதைத்தான். அது இயல்பே. ஆனால் காப்பீடு, இழப்பீடு, வழக்கு எல்லாமே மருத்துவர் எழுதும் இறப்புக் காரணத்தை நம்பித்தான் நிற்கின்றன. அந்தக் காரணம் தெளிவாக வருமா, வராதா என்பது, உடல் பிணவறைக்குப் போகும் முன் மருத்துவருக்கு என்னென்ன தகவல் சேர்ந்தது என்பதைப் பெரிதும் பொறுத்தது.

சம்பவம் நடந்த எல்லைக்குரிய காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுப்பதே முதல் வேலை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின்படி, காவல் அதிகாரி அந்தப் பகுதியில் குடியிருக்கும் மதிப்புக்குரிய இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் (பஞ்சாயத்தார்) முன்னிலையில் பிரேத விசாரணை நடத்துவார். இறந்தவர் திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் இருக்கும் பெண்ணாக இருந்து, தற்கொலையோ சந்தேகமோ இருந்தால், உதகை, குன்னூர், கூடலூர் ஆகிய மூன்று கோட்டங்களில் உரிய கோட்டாட்சியர் விசாரிப்பார். காவலில் நேர்ந்த மரணம் நடுவரின் (மாஜிஸ்திரேட்) விசாரணைக்குப் போகும். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பமாக இருந்தால், அவர்கள் மொழி அறிந்த ஒருவரை வாக்குமூலத்தின்போது உடன் வைக்கச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதிய தாளில் புரியாமல் கைநாட்டு வைப்பது பின்னால் வம்பில் முடியும்.

அடுத்தது, யார் பரிசோதிப்பது என்பது. குடும்பம் தானாகத் தனியார் மருத்துவரை அமர்த்திப் பிரேதப் பரிசோதனை செய்துகொள்ள வழியில்லை. ஆனால் எங்கே பரிசோதிக்க வேண்டும் என்று கேட்க வழி உண்டு. தாலுகா மருத்துவமனையில் பெரும்பாலும் பணியிலுள்ள பொது மருத்துவரே பரிசோதிப்பார். சாலை விபத்து போன்ற வெளிப்படையான மரணத்துக்கு அது போதும். கழுத்தில் காயம், விஷச் சந்தேகம், குழந்தை மரணம், நாள்பட்ட உடல் என்றால், சட்ட மருத்துவத் துறை உள்ள நீலகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ கோவை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ உடலை அனுப்புமாறு, சந்தேகத்தின் காரணங்களையும் வீடியோ பதிவுக்கான வேண்டுகோளையும் ஒரே மனுவில் எழுதி, விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, நகலில் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். பரிசோதனை முடிந்த பிறகு கொடுக்கும் மனுவால் பெரிய பயன் இல்லை.

மலைக்கே உரிய சில தகவல்கள் அந்த மனுவில் இருந்தே ஆக வேண்டும். குளிரில் உடல் விறைப்பது தாமதமாகும், அழுகுவதும் தாமதமாகும். சமவெளிக் கணக்கில் இறந்த நேரத்தைக் கணித்தால் பல மணி நேரம் பிசகும். ஆகவே அறைக்குள் நெருப்பு இருந்ததா, ஜன்னல் திறந்திருந்ததா, உடல்மேல் எத்தனை போர்வை இருந்தது, தொட்டபோது எப்படி இருந்தது என்பதைப் பார்த்தவரே எழுதித் தர வேண்டும். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிப் படுத்தவர்கள், குளியலறையில் கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருக்க இறந்தவர்கள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். கார்பன் மோனாக்சைடு ஏறிய உடலில் இரத்தம் தேங்கிய இடம் செர்ரிச் சிவப்பாகத் தெரியும் என்பது பாடம். ஆனால் கடுங்குளிரில் கிடந்த உடலும், பிணவறைக் குளிர்பெட்டியில் வைத்த உடலும்கூட இளஞ்சிவப்பாகத் தெரியக்கூடும். நிறத்தைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. இரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபின்) அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அடுப்பு இருந்ததே மருத்துவருக்குத் தெரியாவிட்டால் அந்தச் சோதனை விட்டுப்போகலாம். தேயிலை, காய்கறித் தோட்டங்களில் பூச்சி மருந்து குடித்ததாகச் சந்தேகம் எழுந்தால், புட்டியைக் கழுவாமல், மூடியோடு காவலரிடம் ஒப்படையுங்கள். யானை தாக்கிய மரணம் என்றால், வனத்துறைக்கும் உடனே சொல்லிவிடுங்கள்.

நேரமும் கணக்கில் வரும். வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்தது. எனினும் கொலை, தற்கொலை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவை பொதுவாக அதில் சேரா. ஆகவே மாலையில் வந்து சேரும் உடலுக்கு மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டியிருக்கும். வெளிமாநிலச் சுற்றுலாப் பயணியின் உடலை விமானத்தில் கொண்டுபோக அவசரம் இருந்தாலும், பரிசோதனைக்கு முன் எம்பாமிங் (உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றுவது) செய்யவே கூடாது. அந்த மருந்து உள்ளே போனால் விஷ ஆய்வு கெட்டுப்போகும்.

விஷச் சந்தேகத்தில் இரைப்பை, சிறுகுடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளைப் பெரும்பாலும் செறிந்த உப்புக் கரைசலில் போட்டு முத்திரையிட்டு, காவல்துறை மூலம் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இதற்கான மண்டல ஆய்வகம் ஒன்று கோவையில் உள்ளது. அனுப்பியாயிற்றா, எந்தத் தேதியில் என்று காவல் நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மறு பரிசோதனை கேட்கும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் தகனம் வேண்டாம், அடக்கம் செய்யுங்கள். உயர் நீதிமன்றத்தில் அதற்கு மனு செய்யலாம். புதைத்த உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதிக்கச் சட்டத்தில் இடமுண்டு, சாம்பலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் “உள்ளுறுப்பு ஆய்வறிக்கை வந்த பிறகு கருத்து” என்று இருந்தால், இறப்புக் காரணம் இன்னும் முடிவாகவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆய்வகத்திலிருந்து வரும் அறிக்கையை, பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரிடம் கொண்டுபோய் இறுதிக் கருத்து வாங்கினால்தான் அது நிறைவுறும். யாரும் நினைவூட்டாவிட்டால் இது கிடப்பில் கிடந்துவிடும். மருத்துவர் இடமாறுதலில் போயிருக்கவும் கூடும் என்பதால், அவர் பெயர், பிரேதப் பரிசோதனை எண், குற்ற எண் ஆகிய மூன்றையும் உடலைப் பெற்றுக்கொள்ளும் அன்றே எழுதி வைத்துக்கொண்டு, இறுதிக் கருத்து கேட்டு அந்த எண்களோடு காவல் நிலையத்துக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள்.